முடிக்குத் தெரியும் காற்றின் ஈரம்

விடுமுறை வருகிறது. சிலர் கேமரன் மலைக்குப் போவீர்கள். சிலர் பாட்டி வீட்டுக்குச் சென்னைக்கோ மதுரைக்கோ பறப்பீர்கள். அக்காவின் பட்டமளிப்பு விழாவுக்காகப் பெர்த் செல்லும் குடும்பங்களும் உண்டு. எங்கே போனாலும் ஒரு புகார் மட்டும் கூடவே வரும்: "இங்கே வந்ததிலிருந்து என் முடி சொன்ன பேச்சைக் கேட்கவில்லை."

ஒரே தலை, ஒரே ஷாம்பு, ஒரே எண்ணெய். ஆனாலும் கோலாலம்பூரில் பொங்கி நிற்கும் முடி பெர்த்தில் வைக்கோல் போல் ஆகிறது. குளிர்நாட்டிலோ சீப்பைக் கிட்டே கொண்டு போனாலே எழுந்து நிற்கிறது. "தண்ணி ஒத்துக்கல" என்று வீட்டில் சொல்வார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. முடியை ஆட்டிவைப்பது தண்ணீர்தான். ஆனால் குழாயில் வரும் தண்ணீரைவிட, கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் இருக்கும் தண்ணீருக்கே இதில் பெரிய பங்கு.

மாணவர்களே, அந்த நீர் முடிக்குள் எப்படிப் போகிறது, எப்படி வெளியேறுகிறது என்று தெரிந்துகொண்டால் எந்த ஊருக்குப் போனாலும் என்ன செய்வது என்பதை நீங்களே முடிவு செய்யலாம். கடையில் அடுக்கி வைத்திருக்கும் பத்துப் புட்டிகளில் எது தேவை, எது வீண் செலவு என்றும் புரியும். சிலருக்கு இதைவிடப் பெரிய நன்மை ஒன்று உண்டு. தன் முடியைக் குறையாக நினைத்து, அதை நிரந்தரமாக மாற்றிவிடத் துடிப்பவர்கள் ஒரு நிமிடம் நின்று யோசிப்பார்கள்.

முடிக்கு உள்ளே என்ன இருக்கிறது?

தலைத்தோலுக்கு வெளியே தெரியும் முடியில் உயிருள்ள அணு ஒன்றுகூட இல்லை. தோலுக்குள் இருக்கும் முடிக்குழியில்தான் உயிரணுக்கள் பெருகுகின்றன. மேல்நோக்கித் தள்ளப்படும்போது அவை கெராட்டின் என்னும் புரதத்தால் நிறைந்து, இறுகி, இறந்துவிடுகின்றன. அதனால்தான் முடி வெட்டும்போது வலிப்பதில்லை. அதே காரணத்தால், கெட்டுப்போன முடி தானாக ஆறுவதும் இல்லை. கையில் கீறல் பட்டால் சில நாளில் ஆறும். முடியில் பட்ட சேதம் அந்தப் பகுதியை வெட்டும் வரை அப்படியே இருக்கும்.

முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்கிறது. உங்கள் முடி 40 செ.மீ. நீளம் என்றால், அதன் நுனிக்கு வயது 40 மாதம். படிவம் 3இல் படிக்கும் ஒரு மாணவியின் பின்னல் நுனி, அவர் தொடக்கப்பள்ளியில் இருந்தபோது வளர்ந்தது. அத்தனை காலம் பட்ட வெயில், சூடு, சீப்பின் உரசல் எல்லாவற்றின் கணக்கும் அதில் எழுதப்பட்டிருக்கிறது.

ஒரு முடியின் தடிமன் 1 மி.மீ.இல் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதற்குள்ளும் அடுக்குகள் உண்டு. வெளியே இருப்பது மேலுறை. வீட்டுக் கூரையில் ஓடு வேய்ந்தது போல, மெல்லிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். செதில்களின் விளிம்பு நுனியை நோக்கி இருக்கும். இதை இப்போதே சோதித்துப் பார்க்கலாம். ஒற்றை முடியை இரு விரல்களுக்கிடையே பிடித்து, வேரிலிருந்து நுனிக்கு இழுங்கள், வழுக்கிக்கொண்டு போகும். நுனியிலிருந்து வேருக்கு இழுங்கள். கொஞ்சம் சொரசொரப்பாகத் தடுக்கும். இந்தச் செதில்களின்மேல் நீரை விலக்கும் மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்றும் உண்டு. சாயம் பூசுதல், நிறம் வெளுத்தல் போன்றவற்றால் அந்தப் படலம் போய்விட்டால் நீர் எளிதில் உள்ளே நுழையும்.

மேலுறைக்கு உள்ளே இருப்பது முடியின் பெரும்பகுதியான புறணி. கயிற்றில் திரித்த நார்களைப் போலக் கெராட்டின் இழைகள் இங்கே கட்டுக்கட்டாக இருக்கின்றன. நீரை உறிஞ்சுவது இந்தப் பகுதிதான். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 50 விழுக்காடாக இருக்கும்போது முடி தன் எடையில் ஏறக்குறைய 10 விழுக்காடு நீரை வைத்துக்கொள்கிறது. முழுக்க நனைந்தால் அது சுமார் 30 விழுக்காடாக உயர்கிறது. அப்போது முடியின் விட்டம் சுமார் 15 விழுக்காடு பருக்கும். நீளமோ 2 விழுக்காடு அளவில்தான் கூடும்.

தற்காலிகப் பிணைப்பும் நிரந்தரப் பிணைப்பும்

கெராட்டின் இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பிணைப்புகளில் இரண்டை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, ஹைட்ரஜன் பிணைப்பு. படிவம் 4 வேதியியலில் இதைப் படிப்பீர்கள். தனித்தனியாகப் பார்த்தால் வலுவற்றது. ஆனால் எண்ணிக்கையில் மிக அதிகம். நீர் மூலக்கூறு உள்ளே வந்ததும் இந்தப் பிணைப்பு விட்டுவிடும், நீரோடு கைகோத்துக்கொள்ளும். நீர் வெளியேறியதும், முடி அப்போது எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவிலேயே மீண்டும் பிணைந்துகொள்ளும். ஈரத் தலையோடு பின்னல் போட்டு, காய்ந்தபின் அவிழ்த்தால் முடி அலையலையாக இருக்கிறதல்லவா? காரணம் இதுதான்.

இரண்டாவது, இருகந்தகப் பிணைப்பு. இரண்டு கந்தக அணுக்கள் சேர்ந்து போடும் இந்த முடிச்சு வலுவானது. நீர் இதை அவிழ்க்காது. உங்கள் முடியின் இயல்பான வடிவம் குலையாமல் நிற்க இதுவும் ஒரு காரணம். தலை குளித்து வந்ததும் சுருள் முடி மறுபடி சுருளாகவே திரும்புவது இதனால்தான்.

இப்போது ஒன்றை யோசித்துப் பாருங்கள். காலையில் சூடான இஸ்திரிக் கருவியால் முடியை நேராக்குகிறீர்கள். நீர் வெளியேறுகிறது, ஹைட்ரஜன் பிணைப்புகள் நேரான வடிவில் பூட்டிக்கொள்கின்றன. வீட்டை விட்டு வெளியே வருகிறீர்கள். நம் நாட்டுக் காலைக் காற்றில் ஒப்பு ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டியிருக்கும். பேருந்து வருவதற்குள் நீர் மூலக்கூறுகள் உள்ளே புகுந்து பூட்டுகளை ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. ஒவ்வொரு முடியும் தன் பழைய வளைவுக்குத் தன் போக்கில் திரும்புகிறது. எல்லா முடியும் ஒரே அளவில் திரும்புவதில்லை என்பதால் தலை பொங்கிக் கலைந்து தெரிகிறது. இதைத்தான் 'பரட்டை' என்று கேலி செய்கிறார்கள். உண்மையில் அது முடி காற்றின் ஈரத்துக்குக் கொடுக்கும் சரியான பதில்.

முடியால் ஒரு கருவி

அந்தப் பதில் எவ்வளவு நம்பகமானது என்றால், அதை வைத்து ஒருவர் அளவைக் கருவியே செய்துவிட்டார். சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரைச் சேர்ந்த ஹொராஸ் பெனடிக்ட் டி சோஸ்யூர் என்னும் அறிஞர், ஈரம் கூடும்போது மனித முடி நீள்கிறது, குறையும்போது சுருங்குகிறது என்பதைக் கொண்டு ஈரப்பதமானி ஒன்றை உருவாக்கினார். அதை விளக்கி அவர் எழுதிய நூல் 1783இல் வெளிவந்தது. முடியில் எண்ணெய் இருந்தால் அளவு பிசகும் என்பதால், சோடியம் கார்பனேட்டுக் கரைசலில் முடியைக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்து பயன்படுத்தினார். மலையேற்றத்தில் ஆர்வம் கொண்ட அவர், 1787இல் அறிவியல் கருவிகளோடு ஐரோப்பாவின் மோன் பிளாங்க் சிகரத்தையும் தொட்டார்.

மின்னணுக் கருவிகள் பரவும் வரை வானிலை நிலையங்களிலும் அருங்காட்சியகங்களிலும் முடியால் இயங்கும் ஈரப்பதமானிகள் வேலை பார்த்தன. முற்றிலும் வறண்ட காற்றிலிருந்து நிறை ஈரக் காற்றுக்குப் போகும்போது முடியின் நீளம் 2 முதல் 2.5 விழுக்காடு வரை கூடும். சிறிய மாற்றம்தான், ஆனால் முள்ளை நகர்த்த அது போதும்.

எவ்வளவு நீர் என்பதா? எத்தனை விழுக்காடு என்பதா?

இங்கே கவனமாக இருக்க வேண்டும். முடி பார்ப்பது காற்றில் எத்தனை கிராம் நீர் இருக்கிறது என்பதை அன்று. அந்த வெப்பநிலையில் காற்றில் அதிகபட்சம் இருக்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு இப்போது இருக்கிறது என்பதையே அது பார்க்கிறது. அந்தப் பங்குதான் ஒப்பு ஈரப்பதம்.

ஒரு கன மீட்டர் காற்றில் அதிகபட்சம் இருக்கக்கூடிய நீராவி இது:

0 டிகிரி செல்சியஸில் 4.8 கிராம்
10 டிகிரி செல்சியஸில் 9.4 கிராம்
20 டிகிரி செல்சியஸில் 17.3 கிராம்
30 டிகிரி செல்சியஸில் 30.4 கிராம்

இந்த நான்கு எண்களை வைத்து இரண்டு கணக்குப் போடுவோம்.

கணக்கு 1. குளிர்நாட்டு நகரம் ஒன்றில் வெளியே 0 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காடு. அந்தக் காற்றில் உள்ள நீர் 4.8 × 0.8 = 3.84 கிராம். அதே காற்று அறைக்குள் வந்து 20 டிகிரிக்குச் சூடாக்கப்படுகிறது. நீர் கூடவில்லை, ஆனால் அதிகபட்ச அளவு 17.3 கிராமாகிவிட்டது. 3.84ஐ 17.3ஆல் வகுத்தால் சுமார் 22 விழுக்காடு. வெளியே பனியும் மழையுமாக இருந்தாலும் ஹீட்டர் போட்ட அறை பாலைவனக் காற்றைப் போல் வறண்டிருப்பது இப்படித்தான். குளிர்நாட்டில் உங்கள் முடியும் உதடும் காய்வதற்கு வெளிக்குளிரோடு இந்த அறைக்காற்றும் காரணம்.

கணக்கு 2. கோலாலம்பூரில் 30 டிகிரி, 70 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். நீர் 30.4 × 0.7 = சுமார் 21 கிராம். கேமரன் மலையில் 20 டிகிரி, 90 விழுக்காடு. நீர் 17.3 × 0.9 = சுமார் 16 கிராம். கேமரன் காற்றில் நீர் குறைவு. ஆனால் ஒப்பு ஈரப்பதம் அதிகம். அதனால் முடி அங்கேதான் கூடுதலாக நீரை உறிஞ்சும். 'குளுகுளு ஊருக்குப் போனால் முடி அடங்கிவிடும்' என்று எதிர்பார்த்துப் போனவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

ஆகவே பயணம் புறப்படும் முன் கைப்பேசியின் வானிலைச் செயலியில் வெப்பநிலையோடு நிறுத்திவிடாதீர்கள். அதற்குக் கீழே இருக்கும் ஈரப்பத எண்ணையும் பாருங்கள். உங்கள் முடிக்கு அந்த எண்தான் முக்கியம்.

ஊருக்கு ஏற்ற கவனிப்பு

ஈரமான வெப்பம். பினாங்கு, சிங்கப்பூர், சென்னை போன்ற கடலோர ஊர்கள் இவ்வகை. இங்கே முடிக்கு நீர் பஞ்சமில்லை; நீர் அளவுக்கு மீறி உள்ளே போய்வருவதுதான் சிக்கல். குளித்தபின் துண்டால் பரபரவென்று தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஈர முடி எளிதில் இழுபடும். அந்த நிலையில் நெருக்கமான சீப்பால் இழுத்தால் அறுந்துவிடும். அகன்ற பல் சீப்பை எடுத்து, நுனியிலிருந்து சிக்கெடுத்துக்கொண்டே மேலே போங்கள். சுருள் முடிக்காரர்கள் ஈரமாக இருக்கும்போதே சிறிது கண்டிஷனர் கிரீம் தடவி, விரும்பிய வடிவில் விட்டுவிட்டுக் காயும் வரை கையை வைக்காமல் இருப்பது நல்லது. ஹைட்ரஜன் பிணைப்பு பூட்டிக்கொள்ளும் நேரத்தில் கலைத்தால் கலைந்த வடிவிலேயே பூட்டிக்கொள்ளும். முடி காயாமலே இறுக்கிக் கட்டிக்கொண்டு நாள் முழுவதும் இருப்பதையும் தவிருங்கள்.

வறண்ட வெப்பம். பெர்த்தின் கோடைக்காலத்தில் பிற்பகல் ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கும் நாள்கள் பல. நம் ஊர் முடிக்கு இது புது அனுபவம். உள்ளே இருந்த நீர் வெளியேறுகிறது; முடி விறைக்கிறது. இங்கே அடிக்கடி ஷாம்பு போடுவதைக் குறைக்கலாம். போடும் ஒவ்வொரு முறையும் கண்டிஷனர் தவறாமல் வேண்டும். கிளிசரின் கலந்த ஜெல், காற்றில் இருக்கும் ஈரத்தைப் பிடித்துவைக்கும் தன்மை கொண்டது. காற்றிலேயே ஈரம் இல்லாதபோது அதைப் பூசிப் பெரிய பலன் எதிர்பார்க்க முடியாது. எண்ணெய்த்தன்மை உள்ள கிரீம் இங்கே மேல்.

குளிரும் ஹீட்டரும். சோல், லண்டன் போன்ற நகரங்களின் குளிர்காலம் இது. கம்பளித் தொப்பியைக் கழற்றியதும் முடி எழுந்து நிற்கும். உரசலால் முடியில் மின்னூட்டம் சேர்கிறது. ஈரக் காற்றில் அது சீக்கிரம் கசிந்து போய்விடும். வறண்ட காற்றில் போக வழியில்லை. ஒரே வகை மின்னூட்டம் பெற்ற முடிகள் ஒன்றையொன்று விலக்குகின்றன. கண்டிஷனரில் நேர் மின்னூட்டம் உள்ள மூலக்கூறுகள் இருக்கின்றன. எதிர் மின்னூட்டம் கொண்ட முடியின் மேற்பரப்பில் அவை படிந்து, உரசலையும் மின்னூட்டம் சேர்வதையும் குறைக்கின்றன. தொப்பிக்குள் பட்டு அல்லது சாட்டின் துணி வைத்துக்கொண்டால் உரசல் இன்னும் குறையும்.

விமானத்துக்குள். 10 கிலோமீட்டர் உயரத்தில் வெளிக்காற்று −50 டிகிரியை ஒட்டியிருக்கும். அதில் நீராவி இல்லை என்றே சொல்லலாம். அதைத்தான் சூடாக்கி உள்ளே விடுகிறார்கள். அதனால் நீண்ட பயணங்களில் விமானத்துக்குள் ஒப்பு ஈரப்பதம் பெரும்பாலும் 20 விழுக்காட்டுக்கும் கீழே இருக்கும். தளர்வாகப் பின்னிக்கொண்டு ஏறினால் போதும்.

உயர்ந்த மலை. லடாக்கின் லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் குளிர்ப் பாலைவனம். அங்கே வறட்சியோடு புற ஊதாக் கதிரும் சேர்கிறது. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் அதன் அளவு ஏறக்குறைய 10 விழுக்காடு கூடுகிறது. புதிதாகப் பெய்த பனி அதில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பும். இந்தக் கதிர் கெராட்டினையும் முடிக்கு நிறம் தரும் மெலனினையும் சிதைக்கிறது. எந்தக் கிரீமையும்விடத் தொப்பியோ தலைத்துணியோ நல்ல காப்பு.

கடலும் நீச்சல் குளமும். இறங்கும் முன் நல்ல நீரில் தலையை நனைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே நீரால் நிறைந்த முடி, உப்பு நீரையும் குளோரின் கலந்த நீரையும் குறைவாகவே உறிஞ்சும். வெளியே வந்ததும் மறுபடி நல்ல நீரில் அலசுங்கள்.

குழாய் நீர். சுண்ணாம்புப் பாறை வழியே வரும் லண்டன் நீரிலும், சென்னையின் பல ஆழ்துளைக் கிணறுகளிலும் கால்சியம், மக்னீசியம் உப்புகள் அதிகம். இதுதான் கடின நீர். இதில் சோப்புக் கட்டியால் தலை தேய்த்தால் நுரை வராது. கரையாத வெள்ளைப் படிவு முடியில் ஒட்டும். வீட்டார் சொல்லும் "தண்ணி ஒத்துக்கல" என்பதன் மறுபாதி இதுவே. அங்கே சோப்பை விட்டு ஷாம்புவைப் பயன்படுத்துங்கள், நன்றாக அலசுங்கள்.

பாட்டியின் தேங்காயெண்ணெய்

தேங்காயெண்ணெய் முடியின் வேருக்கு உணவு ஊட்டுகிறது என்பார்கள். வேருக்கு உணவு தருவது இரத்தம். நாம் உண்ணும் உணவிலிருந்துதான் அது போகிறது. ஆனால் பாட்டியின் பழக்கத்தில் வேறொரு நியாயம் இருக்கிறது.

2003இல் இந்திய ஆய்வாளர்கள் இருவர் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் முடியில் ஒப்பிட்டுப் பார்த்தனர். முடியிலிருந்து புரதம் இழக்கப்படுவதைத் தேங்காயெண்ணெய் மட்டுமே குறிப்பிடத்தக்க அளவில் குறைத்தது. தேங்காயெண்ணெயில் அதிகம் உள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரானது, புரதத்தோடு ஒட்டும் இயல்புடையது. அதனால் எண்ணெய் முடிக்குள் ஊடுருவுகிறது என்பது அவர்களின் விளக்கம். குளிக்கும் முன் எண்ணெய் தடவினால், குளிக்கும்போது முடி நீரை உறிஞ்சிப் பருப்பதும் பின் சுருங்குவதும் கட்டுப்படும். அறிவியல் மாணவர்கள் இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: அந்த ஆய்வாளர்கள் பணியாற்றியது தேங்காயெண்ணெய் விற்கும் நிறுவனத்தில். அதனாலேயே முடிவு தவறாகிவிடாது. ஆனால் எந்த ஆய்வைப் படித்தாலும் யார் செய்தது என்று பார்ப்பது நல்ல பழக்கம்.

பயணத்துக்கு ஒரு குறிப்பு: தேங்காயெண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். கேமரன் மலையில் புட்டி வெள்ளையாகிவிட்டால் எண்ணெய் கெட்டுவிட்டதாக நினைக்காதீர்கள். வெந்நீரில் சற்று நேரம் வைத்தால் உருகும். பொடுகு உள்ளவர்கள் தலைத்தோலில் எண்ணெய் விடாமல் முடியின் நீளத்தில் மட்டும் தடவுங்கள். பொடுகோடு தொடர்புடைய நுண்பூஞ்சை தலைத்தோலின் எண்ணெயைத் தின்றுதான் வாழ்கிறது.

சுருள் முடி குறையா?

நம்மில் பலருக்கு முடி அலையாகவோ சுருளாகவோ இருக்கிறது. தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் நேரான முடியில் எளிதாக நுனி வரை இறங்கும். சுருள் முடியின் வளைவுகளில் மெதுவாகவே இறங்கும். அதனால் சுருள் முடியின் நுனி சீக்கிரம் வறளும். கூடுதல் கவனிப்புக் கேட்கும், அவ்வளவுதான்.

2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு சுவையானது. தீனா லசிசி, நீனா ஜப்லான்ஸ்கி முதலிய ஆய்வாளர்கள், மனித உடலைப் போல் சூடாக்கப்பட்ட பொம்மையின் தலையில் நேரான முடி, சுருள் முடி, மிக இறுக்கமான சுருள் முடி என்று வெவ்வேறு விக்குகளை வைத்து, வெயிலைப் போன்ற விளக்கொளியை மேலே பாய்ச்சினர். எல்லா வகை முடியும் தலைக்குப் போகும் வெப்பத்தைக் குறைத்தது. மிக அதிகமாகக் குறைத்தது இறுக்கமான சுருள் முடி. நம்மில் பெரும்பாலோருக்கு இருப்பது அவ்வளவு இறுக்கமான சுருள் இல்லை. ஆனாலும் சுருள் என்பது தவறி அமைந்த வடிவம் அன்று என்பதை இந்த ஆய்வு நினைவூட்டுகிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கேலி தாங்காமல் 'ரீபாண்டிங்' செய்துகொள்ள அவசரப்படும் மாணவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெயரிலேயே வேதியியல் இருக்கிறது. ஒரு வேதிப்பொருள் இருகந்தகப் பிணைப்புகளை உடைக்கிறது. முடியைச் சூட்டால் நேராக்குகிறார்கள். இன்னொரு வேதிப்பொருள் அந்த நேரான வடிவில் பிணைப்புகளை மீண்டும் போடுகிறது. உடைந்த எல்லாப் பிணைப்பும் திரும்ப வருவதில்லை, முடி வலுவிழக்கிறது. மாதம் 1 செ.மீ. வீதம் வேரிலிருந்து வருவது பழைய சுருள்தான். ஆகவே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். 'கெராட்டின் சிகிச்சை' என்ற பெயரில் வரும் சில பொருள்கள் சூடாகும்போது ஃபார்மால்டிஹைடு வாயுவை வெளியிடுகின்றன. அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. வளர்ந்தபின் யார் எதைத் தேர்ந்தெடுத்தாலும் அது அவரவர் உரிமை. ஆனால் ஈரக் காற்று செய்யும் வேலைக்கு முடியைக் குற்றவாளி ஆக்கி, அதற்குத் தண்டனை கொடுத்துவிடாதீர்கள்.

சூடான இஸ்திரிக் கருவியைப் பயன்படுத்தித்தான் ஆக வேண்டும் என்றால், முடி முழுதாகக் காய்ந்தபின் குறைந்த சூட்டில் பயன்படுத்துங்கள். ஈர முடியில் வைத்தால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிக் குமிழிகளை உண்டாக்கும். அந்த இடத்தில் முடி முறியும்.

செய்து பாருங்கள்: முடி ஈரப்பதமானி

தேவையானவை: 20 செ.மீ. நீள ஒற்றை முடி, 30 செ.மீ. உயர அட்டை, 12 செ.மீ. நீளத்தில் வெட்டிய மெல்லிய பிளாஸ்டிக் பட்டை, குண்டூசி, பசை நாடா, 5 சென் காசு.

1. முடியைப் பாத்திரம் கழுவும் திரவத்தில் மெதுவாகக் கழுவிக் காயவையுங்கள். சோஸ்யூர் செய்ததைப் போல எண்ணெயை நீக்குவதே நோக்கம்.
2. பட்டையின் ஒரு முனையை அட்டையின் கீழ்ப்பகுதியில் குண்டூசியால் குத்துங்கள். பட்டை முள்ளைப் போல எளிதாக மேலும் கீழும் ஆட வேண்டும்.
3. குண்டூசியிலிருந்து 1 செ.மீ. தள்ளி முடியின் ஒரு நுனியைப் பட்டையில் ஒட்டுங்கள். அதற்கு அருகிலேயே காசையும் ஒட்டுங்கள்.
4. பட்டை கிடைமட்டமாக இருக்குமாறு பிடித்து, முடியின் மறுநுனியை அட்டையின் மேற்பகுதியில் ஒட்டுங்கள். காசின் எடை முடியை விறைப்பாக வைத்திருக்கும்.
5. குளிரூட்டி ஓடும் அறையில் அரை மணி நேரம் வைத்து, முள் காட்டும் இடத்தைக் குறியுங்கள். பிறகு வெந்நீரில் குளித்து முடித்த குளியலறையில் வைத்து மீண்டும் குறியுங்கள்.

முடி நீள்வது 1 மி.மீ. அளவில்தான் இருக்கும். ஆனால் குண்டூசியிலிருந்து 10 செ.மீ. தொலைவில் உள்ள இடத்தில் அது பத்து மடங்காகத் தெரியும். நெம்புகோல் பாடம் இங்கே கைகொடுக்கிறது. பயணம் போகும்போது இந்தக் கருவியைப் பையில் எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வோர் ஊரிலும் குறித்து வாருங்கள். வானிலைச் செயலியின் எண்ணையும் பக்கத்தில் எழுதுங்கள்.

சிந்தியுங்கள்

1. வெளியே 10 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 60 விழுக்காடு. அந்தக் காற்றை 20 டிகிரிக்குச் சூடாக்கினால் அறையின் ஒப்பு ஈரப்பதம் எவ்வளவு? அந்த அறையில் உங்கள் முடி எப்படி இருக்கும்?

2. ஒரே வீட்டில் இரண்டு பேர். ஒருவர் முடிக்குச் சாயம் பூசியவர், மற்றவர் பூசாதவர். ஈரமான நாளில் யாருடைய முடி விரைவாக நீரை உறிஞ்சும்? மேலுறையைப் பற்றி நீங்கள் படித்ததை வைத்து விளக்குங்கள்.

3. 'எல்லாத் தட்பவெப்பத்துக்கும் ஏற்றது' என்று விளம்பரம் செய்யப்படும் ஒரு ஜெல்லின் புட்டியில் முதல் பொருள் நீர், இரண்டாவது கிளிசரின். சிங்கப்பூரிலும் லேயிலும் அது ஒரே மாதிரி வேலை செய்யுமா? உங்கள் விடையை வகுப்பில் நண்பர்களோடு பேசிப் பாருங்கள்.

முதல் கேள்விக்கு விடை: 9.4 × 0.6 = 5.64 கிராம்; 5.64ஐ 17.3ஆல் வகுத்தால் சுமார் 33 விழுக்காடு. மற்ற இரண்டின் விடை இந்தப் பக்கத்திலேயே இருக்கிறது, தேடிக் கண்டுபிடியுங்கள்.